நலம் விசாரித்தாலும் தடயம்: அந்தமான் எழுப்பிய அந்தரங்கக் கேள்வி

புது தில்லி: நோயுற்ற உறவினரிடம் தொலைபேசியில் நலம் விசாரித்ததற்காக ஒரு குடும்பத்தையே வீட்டுக்குள் தனிமைப்படுத்த முடியுமா? 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்தமானில் இக்கேள்வியை சமூக வலைதளத்தில் எழுப்பிய பத்திரிகையாளர் கைது செய்யப்பட்டார். தேசிய அளவில் சில நாள்கள் மட்டுமே பேசப்பட்டு மறக்கப்பட்ட அந்நிகழ்வு, தனிமனிதரின் இணையத் தகவல்களைப் பாதுகாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் இவ்வேளையில் மீண்டும் நினைவுகூரத் தக்கதாகிறது.

தலைநகர் போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) உள்ள ஃபீனிக்ஸ் பே, அந்தமானின் அன்றாட வாழ்வுக்கு நுழைவாயில். ஹேவ்லாக், நீல், ரங்கத், ஹட் பே எனத் தீவுகளுக்கு இடையே செல்லும் அரசுக் கப்பல்களில் பலவும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. பயணச்சீட்டு வேண்டுமெனில் அடையாளச் சான்றைக் காட்ட வேண்டும். தீவுவாசிகளுக்கு ஒரு கட்டணம், சுற்றுலாப் பயணிகளுக்கு வேறு கட்டணம் என்பதால், யார் எவர் என்பதைப் பதிவு செய்யாமல் இங்கு எவரும் கப்பல் ஏற முடியாது. ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குச் செல்வதே பதிவாகிவிடும் இவ்வூரில், செல்லிடப்பேசியும் சமூக வலைதளங்களும் சேர்ந்துகொண்டால் மறைவு என்பதற்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான்-நிகோபாரில் வசிப்போர் 3,80,581 பேர். அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். தமிழகத்திலிருந்து பிழைப்புக்காகச் சென்றவர்கள், இலங்கையிலிருந்து திரும்பி கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் என இவர்களின் வேர்கள் பல. உற்றார் உறவினரில் ஒரு பகுதியினர் கடலுக்கு அப்பால் இருக்க, கப்பலில் சென்னைக்கு வர மூன்று நாள்களாகும் நிலையில், இவர்களுக்குத் தொலைபேசி அழைப்பு என்பது பொழுதுபோக்கு அல்ல. உறவைக் காக்கும் கயிறு.

ஏப்ரல் 2020-இல் நடந்தது என்ன?: கரோனா நோய்த்தொற்று பரவத் தொடங்கிய மார்ச் மாத இறுதியில், தில்லியிலிருந்து திரும்பியோர் மூலம் அந்தமானிலும் தொற்று கண்டறியப்பட்டது. தொற்றுக்கு உள்ளானவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணி முடுக்கிவிடப்பட்டது. இந்நிலையில், ஃபீனிக்ஸ் பேயை அடுத்துள்ள ஹேடோ பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர், தொற்றுக்கு உள்ளான உறவினரிடம் தொலைபேசியில் பேசியதை அடுத்து வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டதாக உள்ளூர் நாளிதழில் செய்தி வெளியானது.

சுதந்திரப் பத்திரிகையாளரான ஜுபைர் அகமது, ஏப்ரல் 27-ஆம் தேதி தனது ட்விட்டர் பக்கத்தில் இது குறித்துக் கேள்வி எழுப்பினார். கரோனா நோயாளிகளுடன் தொலைபேசியில் பேசியதற்காகக் குடும்பங்கள் ஏன் வீட்டில் தனிமைப்படுத்தப்படுகின்றன என்பதை யாராவது விளக்க முடியுமா என்பதே அவரது கேள்வியின் சாரம். அன்றே அவர் கைது செய்யப்பட்டார். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவுகளும், அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல், நோய் பரவக் காரணமாதல், மக்களிடையே அச்சத்தை ஏற்படுத்துதல் ஆகியவை தொடர்பான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளும் அவர் மீது சுமத்தப்பட்டன. அவரது பதிவு பொய்யானது, தூண்டிவிடும் தன்மை கொண்டது என்பது காவல் துறையின் வாதம். மறுநாள் அவர் ஜாமீனில் விடுவிக்கப்பட்டார். 2021-ஆம் ஆண்டு கொல்கத்தா உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது.

வழக்கு முடிந்துவிட்டது. ஆனால், அதற்குள் பொதிந்திருந்த இரு கேள்விகள் முடியவில்லை. ஒருவர் யாருடன் பேசினார் என்ற விவரத்தை, அவருக்குத் தெரியாமல், எந்த நோக்கத்துக்காக, எவர் எடுத்துப் பார்க்கலாம் என்பது முதல் கேள்வி. ஒருவர் பொதுவெளியில் எழுதிய ஒரு வரியை அவருக்கு எதிராக எவ்வாறெல்லாம் பயன்படுத்தலாம் என்பது இரண்டாவது கேள்வி.

பேச்சு அல்ல, பேசியதன் சுவடு: தொலைபேசியை ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமை மீதான கடும் ஊடுருவல் என 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, அதற்கான கட்டுப்பாடுகளையும் வகுத்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்) தொடுத்த வழக்கில் வந்த அத்தீர்ப்பு, பேச்சின் உள்ளடக்கத்தையே மையமாகக் கொண்டிருந்தது. இன்றைய சிக்கல் வேறு. என்ன பேசினீர்கள் என்பதைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. யாருடன், எப்போது, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்து பேசினீர்கள் என்பது தெரிந்தால் போதும். ஒருவரது வாழ்வின் வரைபடம் கிடைத்துவிடும். இந்த அழைப்பு விவரங்களைத் தொலைபேசி நிறுவனங்கள் ஓராண்டு வரை பாதுகாக்க வேண்டும் என்றிருந்த உரிம நிபந்தனையை, குறைந்தது 2 ஆண்டுகள் என 2021 டிசம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை மாற்றியது.

கரோனா காலத்தில் இவ்விவாதம் அந்தமானோடு நிற்கவில்லை. தொற்றுக்கு உள்ளானவர்களின் அழைப்பு விவரங்களைக் காவல் துறை திரட்டுவதை எதிர்த்து 2020 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னிதலா. நோயாளி எங்கெங்கு சென்றார் என்பதை அறிய இருப்பிட விவரம் மட்டுமே பயன்படுத்தப்படும் என மாநில அரசு விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. தொற்று நோயைத் தடுக்கத் தொடர்புகளைத் தேடுவது அவசியம் என்பதில் இருவேறு கருத்து இல்லை. ஆனால், கிருமி தொலைபேசிக் கம்பி வழியே பரவாது. அழைப்புப் பட்டியலை நோயின் பாதையாகக் கருதும்போது, மருத்துவத் தேவை எங்கே முடிந்து கண்காணிப்பு எங்கே தொடங்குகிறது என்ற கோடு அழிந்துவிடுகிறது. அதன் விளைவும் எளிதில் ஊகிக்கக் கூடியதே: நோயுற்றவரிடம் பேசவே மற்றவர்கள் அஞ்சுவார்கள்.

கடலடி வடம் கொண்டுவந்த மாற்றம்: அந்தமானில் செயற்கைக்கோள் வழியே மெதுவாக வந்துகொண்டிருந்த இணையச் சேவை, 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி அடியோடு மாறியது. சென்னையையும் அந்தமானையும் கடலுக்கடியில் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. நீளக் கண்ணாடி இழை வடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி அன்று தொடங்கிவைத்தார். ரூ. 1,224 கோடி மதிப்பிலான இத்திட்டம் கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார் வரை நீள்கிறது. கல்வி, மருத்துவம், வணிகம் ஆகியவற்றுக்கு இது வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், படங்களும் காணொலிகளும் இருப்பிட விவரங்களும் நொடியில் வெளியேறும் பாதையும் இதுவே.

செல்லிடப்பேசியில் ஒரு செயலியை நிறுவும்போது, தொடர்பு எண்கள் அனைத்தையும் படிக்க அனுமதி கேட்கப்படுகிறது. ஒருவர் 'சரி' என்று அழுத்தினால், அந்த வலைதளத்தில் கணக்கே தொடங்காத அண்டை வீட்டாரின் எண்ணும் பெயரும் அந்நிறுவனத்தின் கைக்குச் செல்லக் கூடும். படகுத்துறையில் நின்று எடுத்த படத்தில் எடுத்த நேரமும் இடமும் பொதிந்திருக்கலாம். 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் முகநூல் 'விருப்ப'க் குறிகளை மட்டும் கொண்டு அவர்களின் அரசியல் சார்பு, மதம் உள்ளிட்டவற்றைக் குறிப்பிடத்தக்க துல்லியத்துடன் ஊகிக்க முடியும் என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ஆம் ஆண்டே வெளிப்படுத்தினர்.

அந்த அறிவு எதற்குப் பயன்படும் என்பதை 2018 மார்ச்சில் வெடித்த கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் உலகுக்கு உணர்த்தியது. சுமார் 8.7 கோடி முகநூல் பயனாளர்களின் விவரங்கள் முறையற்ற வகையில் பகிரப்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. ஆனால், அவர்களின் நண்பர்கள் வட்டத்தையும் சேர்த்து 5.62 லட்சம் இந்தியர்களின் தகவல்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. தவறே செய்யாத லட்சக்கணக்கானோர், நண்பர் ஒருவரின் ஒற்றைச் சொடுக்கால் அம்பலமாயினர். இது தொடர்பாக 2021 ஜனவரியில் மத்தியப் புலனாய்வுத் துறை (சிபிஐ) வழக்குப் பதிவு செய்தது.

கணக்கே இல்லாதவர்களின் அந்தரங்கம்: இணையத்தில் இல்லாதிருப்பதே பாதுகாப்பு என்று எண்ணுவோருக்கு அந்தமானிலேயே மறுப்பு இருக்கிறது. ஜாரவா பழங்குடிப் பெண்களை உணவு காட்டி நடனமாடச் செய்யும் காணொலியை 2012 ஜனவரியில் பிரிட்டனின் 'அப்சர்வர்' இதழ் வெளியிட்டபோது நாடே தலைகுனிந்தது. அதே ஆண்டு, 1956-ஆம் ஆண்டின் அந்தமான்-நிகோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்காற்று விதிகள் திருத்தப்பட்டு தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இருப்பினும், ஜாரவாக்களின் ஆட்சேபத்துக்குரிய காணொலிகள் தொடர்ந்து யூ-டியூபில் வலம் வந்தன. அவற்றை அகற்றி, பதிவேற்றியவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என 2017-ஆம் ஆண்டு தேசியப் பழங்குடியினர் ஆணையம் வலியுறுத்த நேர்ந்தது. கணினியையே கண்டிராத ஒரு சமூகத்தின் உருவம், அதன் இசைவின்றி உலகின் திரைகளில் விற்பனைப் பொருளானது. இசைவு என்பது 'சரி' என்ற பொத்தானை அழுத்துவதில் மட்டும் அடங்கியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தில்லியின் பார்வை: குடிமக்களின் சமூக வலைதளப் பதிவுகள் மீது அரசுகளுக்கு உள்ள ஆர்வமும் மறைவானதன்று. 'சமூக ஊடகத் தொடர்பு மையம்' ஒன்றை அமைக்க 2018-ஆம் ஆண்டு மத்தியத் தகவல்-ஒலிபரப்புத் துறை முயன்றது. மாவட்ட அளவில் பதிவுகளைத் திரட்டி ஆராய்வது அதன் நோக்கம். திரிணமூல் காங்கிரஸைச் சேர்ந்த மஹுவா மொய்த்ரா அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். குடிமக்களின் ஒவ்வொரு தகவலையும் கண்காணித்தால் அது கண்காணிப்பு அரசாகவே மாறிவிடும் என்ற கருத்தை உச்சநீதிமன்றம் வெளிப்படுத்தியது. 2018 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அத்திட்டத்தைத் திரும்பப் பெறுவதாக மத்திய அரசு தெரிவித்தது.

தமிழகமும் இதில் விலகி நிற்கவில்லை. சமூக வலைதளக் கணக்குகளுடன் ஆதாரை இணைக்கக் கோரும் மனுக்கள் 2018-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலாயின. இணையக் குற்றவாளிகளைக் கண்டறிவதே மனுதாரர்களின் நோக்கம். பின்னர் அவ்வழக்கு, வாட்ஸ்ஆப் போன்ற சேவைகளில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது பற்றிய விவாதமாக விரிந்து, முகநூல் நிறுவனத்தின் கோரிக்கையால் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. முதல் அனுப்புநரைக் கண்டறிய வகை செய்யும் விதியை 2021 பிப்ரவரியில் மத்திய அரசே கொண்டுவந்தது. அதை எதிர்த்து வாட்ஸ்ஆப் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

இந்த வரிசையில் சமீபத்தியது வருமான வரித் துறையின் அதிகாரம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் நிறைவேற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், சோதனையின்போது ஒருவரது மின்னஞ்சல், சமூக வலைதளக் கணக்கு உள்ளிட்ட 'மெய்நிகர் வெளி'க்குள் கடவுச்சொல்லைக் கடந்தும் நுழைய அதிகாரிகளுக்கு வழி செய்கிறது.

எல்லை தாண்டியும் இதே நிலைதான். அமெரிக்க நுழைவு இசைவு கோருவோர் கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளின் விவரங்களை அளிக்க வேண்டும் என்பது 2019 முதல் உள்ள விதி. மாணவர்கள் தங்கள் கணக்குகளை அனைவரும் காணும்படித் திறந்து வைக்க வேண்டும் என 2025 ஜூனில் அறிவுறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 'எச்-1பி' பணியாளர்களுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. இதனால் நேரடியாகப் பாதிக்கப்படுவோரில் தமிழக மாணவர்களும் மென்பொருள் பொறியாளர்களும் அடங்குவர்.

சட்டம் தரும் கவசமும் ஓட்டைகளும்: அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் வந்தது அத்தீர்ப்பு. அந்தரங்கத்தில் தலையிட வேண்டுமெனில் அதற்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவில் மட்டுமே தலையீடு இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடித்தளம். தொலைபேசியில் நலம் விசாரித்த குடும்பத்தின் நிலையை இந்த மூன்று உரைகல்லிலும் உரசிப் பார்த்தால் விடை எளிது.

தீர்ப்பு வந்தும் சட்டம் வர 6 ஆண்டுகள் பிடித்தன. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் வரைவை அளித்தது. 2019-இல் மக்களவையில் அறிமுகமான மசோதா, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் பரிசீலனைக்குப் பிறகு 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. ஒருவழியாக 2023 ஆகஸ்டில் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் மேலும் இரண்டாண்டுகள் கழித்து 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் பலவும் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும் என அவ்விதிகள் வரையறுத்தன.

தகவல்களைக் காக்கத் தவறும் நிறுவனங்களுக்கு ரூ. 250 கோடி வரை அபராதம், 18 வயதுக்கு உள்பட்டோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு ஆகியவை இச்சட்டத்தின் வரவேற்கத்தக்க அம்சங்கள். ஆனால், மூன்று இடங்களில் சட்டம் நழுவுகிறது.

முதலாவதாக, ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வெளியிட்ட தகவல்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. எல்லோரும் காணும்படி முகநூலில் இட்ட குடும்பப் படத்தையோ கருத்தையோ எவரும் திரட்டி எதற்கும் பயன்படுத்தினால், இச்சட்டத்தின் கதவைத் தட்ட இயலாது. இரண்டாவதாக, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களைக் கூறி எந்தவோர் அரசு அமைப்புக்கும் மத்திய அரசு முழு விலக்கு அளிக்கலாம். மூன்றாவதாக, அபராதம் அரசின் கருவூலத்துக்குச் செல்லுமேயன்றி, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடையாது. இழப்பீடு கோர வகை செய்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் '43-ஏ' பிரிவும் இச்சட்டத்தின் வாயிலாக நீக்கப்படுகிறது. மேலும், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் செய்யப்பட்டுள்ள திருத்தம், தனிநபர் விவரம் என்ற பெயரில் அதிகாரிகள் தகவல்களை மறுக்க வழிவகுக்கும் என்று தகவல் உரிமை ஆர்வலர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர். சுருங்கச் சொன்னால், குடிமகன் அரசுக்குக் கண்ணாடி போல் தெரிய, அரசு குடிமகனுக்குச் சுவராக நிற்கும் நிலை உருவாகலாம் என்பதே அவர்களது அச்சம்.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, வழக்காடுவதால் பயன் இல்லாமற்போகவில்லை. 2021-ஆம் ஆண்டு வாட்ஸ்ஆப் தனது கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள்ளாதோருக்கு வேறு வழியில்லை என்ற நிலையை உருவாக்கியது தொடர்பாக, அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு இந்தியத் தொழில் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் ரூ. 213.14 கோடி அபராதம் விதித்தது. விளம்பர நோக்கில் தகவல்களைப் பகிர விதிக்கப்பட்ட 5 ஆண்டுத் தடையை 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நீக்கினாலும், அபராதத்தை உறுதி செய்தது குறிப்பிடத்தக்கது.

கோபுரத்தின் நிழல்: ஃபீனிக்ஸ் பேயிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது செல்லுலார் சிறை. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையின் நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல அன்று 7 கிளைகள் இருந்தன. கோபுரத்தில் நிற்கும் ஒற்றைக் காவலர் அனைத்துக் கிளைகளையும் நோக்கலாம். ஓர் அறையில் இருப்பவர் மறு அறையில் இருப்பவரைக் காண இயலாது. கைதிகளின் கடிதங்கள் தணிக்கைக்கு உள்படுத்தப்பட்டன. தாம் கவனிக்கப்படுகிறோமா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது. எப்போதும் கவனிக்கப்படுவதாகவே எண்ணி அவர் நடந்துகொள்ள வேண்டும் என்பதே அத்தகைய அமைப்பின் சூட்சுமம்.

அன்று அந்தக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று தெரியவில்லை. ஆனால், விளைவு ஒன்றே. எழுதிய ஒரு வரிக்காக ஒருவர் கைதானால், எழுத நினைத்த பலர் நிறுத்திக்கொள்வர். 2012-ஆம் ஆண்டு ட்விட்டர் பதிவுக்காகப் புதுச்சேரியில் ஒரு சிறு தொழில்முனைவோர் கைதானதும், பின்னர் 2015 மார்ச்சில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் '66-ஏ' பிரிவையே உச்சநீதிமன்றம் ரத்து செய்ததும் தமிழக வாசகர்களுக்கு நினைவிருக்கும். பிரிவு போயிற்று, வேறு பிரிவுகளில் வழக்குகள் தொடர்ந்தன என்பதற்கு அந்தமானே சாட்சி.

தேவையற்ற செயலிகளுக்குத் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் மறுப்பது, குழந்தைகளின் படங்களைப் பொதுவெளியில் இடாதிருப்பது, பிறரது படத்தை அவர் இசைவின்றிப் பகிராதிருப்பது ஆகியவை ஒவ்வொருவரும் இன்றே செய்யக் கூடியவை. அழைப்பு விவரங்களைக் கேட்டுப் பெற நீதித் துறையின் முன் அனுமதி, அரசு அமைப்புகளுக்கான விலக்குக்கு வரம்பு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு ஆகியவையோ நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை. முன்னதை மட்டும் வலியுறுத்திப் பின்னதை மறப்பது, கதவில்லாத வீட்டுக்காரரிடம் எச்சரிக்கையாக உறங்குங்கள் என்று சொல்வதற்கு ஒப்பானது.

ஃபீனிக்ஸ் பேயில் மாலைக் கப்பல் வந்து சேரும்போது, இறங்குவோரில் பலர் முதலில் செய்வது வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வதுதான்: வந்துவிட்டோம், நலமாக இருக்கிறோம் என்று. அந்த அழைப்பைச் செய்யும்போது ஒருவருக்கு ஒரு கணமும் தயக்கம் எழாதிருக்க வேண்டும். 9 நீதிபதிகள் அறிவித்த உரிமைக்கு ஒரு சாமானியரின் வாழ்வில் உள்ள பொருள் அவ்வளவே.